ஆபீஸ் ப்ராக்ஸி வழியாக வீட்டுக் கணினியில் நுழைவது: வழி உண்டா?

#1 — இரவுப்பணி

வணக்கம் நண்பர்களே. வீட்டில் விண்டோஸ் 11 ப்ரோ கணினி ஒன்று இருக்கிறது. பகுதிநேர ஆய்வுப் படிப்புக்காக அதில் சிமுலேஷன் ஓட்டுகிறேன். ஒரு ரன் முடிய ஒரு பகலுக்கு மேல் ஆகும். காலையில் ஓடவிட்டு வேலைக்குக் கிளம்பினால், மாலை வந்து பார்க்கும்போது சில நாள் நடுவிலேயே நின்று கிடக்கிறது. நின்றது உடனே தெரிந்தால் அப்போதே மறுபடி ஓடவிடலாம், ஒரு பகல் வீணாகாது.

ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டான 3389ஐ அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். வீட்டு ஐபி மாறினாலும் கண்டுபிடிக்க ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரும் வைத்திருக்கிறேன். மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்தால் ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டுத் திரை நன்றாகத் திறக்கிறது. ஆபீஸ் கணினியிலிருந்து மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்கிறது. பிங் போட்டால் அந்தப் பெயரே கிடைக்கவில்லை என்று வருகிறது. ஆனால் பிரவுசரில் எல்லாத் தளமும் வருகிறது. பிரவுசர் அமைப்பில் ஒரு ப்ராக்ஸி முகவரியும் 8080 என்ற போர்ட்டும் இருக்கின்றன. அந்த ப்ராக்ஸி வழியாகவே ரிமோட் டெஸ்க்டாப்பை அனுப்ப முடியுமா? மதிய இடைவேளையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

#2 — மின்கம்பி

ஆபீஸ் விஷயம் அப்புறம். ரவுட்டரில் 3389ஐ இன்றைக்கே மூடிவிடுங்கள் நண்பரே.

மூடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்து, 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அந்த எண்ணில்தான் பதிவாகும். அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், பேக்கப், ஸ்கேனர் என்று உங்கள் வீட்டில் இல்லாத பெயர்களெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வந்து தட்டியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் எந்த ஐபியிலிருந்து வந்தது என்றும் இருக்கும்.

பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2019 மே மாதம் வெளியே தெரிந்த ப்ளூகீப் ஓட்டைக்கு பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் லாகின் கட்டத்துக்கு முன்பே உள்ளே போய்விட முடிந்தது. உங்களுடைய 11ஐ அது தொடாது. ஆனால் அப்படி இன்னொன்று வரும் நாளில் உங்கள் போர்ட் திறந்து கிடக்கக் கூடாது. எண்ணை 33890 என்று மாற்றிவைப்பதும் காப்பாற்றாது. இணையத்தை அலசும் ஸ்கேனர் நிரல்கள் எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும்.

#3 — பழைய_சர்வர்

மின்கம்பி சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள். ஆபீஸில் ஏன் திறக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் பிரவுசர் இணையத்தோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. ப்ராக்ஸியிடம் போய், "இந்தத் தளத்துக்கு என்னை இணைத்துவிடு" என்று கேட்கிறது. பெயரை ஐபியாக மாற்றுவதும் ப்ராக்ஸிதான். அதனால்தான் பல அலுவலகங்களில் உள் டிஎன்எஸ் சர்வருக்கு வெளி உலகப் பெயர்களே தெரியாது. பிங் போட்டால் பெயர் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். வீட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

ரிமோட் டெஸ்க்டாப் நிரலுக்கோ ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஐபியை நேரடியாகக் கொடுத்தாலும், அது 3389ஐ நோக்கி ஒரு பாக்கெட்டை அனுப்பும். ஃபயர்வால் அதை விழுங்கிவிடும். மறுத்துப் பதில்கூட அனுப்பாது. வராத பதிலுக்காகக் காத்து அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

ப்ராக்ஸியிடம் எச்டிடிபிஎஸ் தளம் கேட்கும்போது பிரவுசர் அனுப்புவது ஒரே வரி: கனெக்ட் என்ற சொல், தளத்தின் பெயர், 443 என்ற எண். ப்ராக்ஸி ஒப்புக்கொண்டால் 200 என்று பதில் வரும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வரும் பைட்டுகளை அப்படியே கடத்திக்கொண்டிருக்கும். இந்தக் கனெக்ட் வழியாக, தொலைவிலுள்ள கணினியோடு மறையாக்கத்தில் பேசும் எஸ்எஸ்எச்சையும் அனுப்பலாம். எஸ்எஸ்எச் நிரலான புட்டியில் ப்ராக்ஸிக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச் என்ற இன்னொரு நிரலில் ப்ராக்ஸிகமாண்ட் என்ற அமைப்பில் நெட்கேட் என்ற சின்னக் கருவியை வைத்தால் அதே வேலை நடக்கும். எஸ்எஸ்எச் கிடைத்துவிட்டால், உங்கள் பக்கம் 3390ஐ வீட்டுக் கணினியின் 3389க்கு இணைத்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் 3390 என்று கொடுத்தால் திரை வந்துவிடும். 3389 வெளியே தெரியவே தெரியாது.

ஆனால் ப்ராக்ஸி எந்தப் போர்ட்டுக்கு வேண்டுமானாலும் கனெக்ட் கொடுக்காது. ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு வரும் அமைப்புக் கோப்பிலேயே, 443 தவிர வேறு எந்தப் போர்ட்டுக்கும் கனெக்ட் கேட்டால் மறு என்று ஒரு வரி உண்டு. எஸ்எஸ்எச்சின் வழக்கமான போர்ட்டான 22க்குக் கேட்டால், அனுமதி இல்லை என்று 403 வரும். 407 வந்தால் அது வேறு: முதலில் நீ யார் என்று சொல் என்கிறது. அங்கே என்டிஎல்எம், கெர்பரோஸ் போன்ற உள்நுழைவு முறைகளில் அடையாளம் காட்ட வேண்டும். எல்லா நிரலுக்கும் அது தெரியாது.

#4 — கதிரொளி

அப்படியானால் வீட்டில் எஸ்எஸ்எச்சை 443இல் ஓடவிட்டால் முடிந்தது, இல்லையா?

#5 — பழைய_சர்வர்

ஒரு காலத்தில் அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் நடக்காது. காரணம் எஸ்எஸ்எச்சின் முதல் வரி. மறையாக்கம் தொடங்குவதற்கு முன், சர்வர் தன் பதிப்பின் பெயரை வெறும் எழுத்தில் சொல்லும்: எஸ்எஸ்எச் 2.0, ஓபன்எஸ்எஸ்எச் என்று. உள்ளே எட்டிப் பார்க்கும் ஃபயர்வாலுக்கு அந்த ஒரு வரி போதும். போர்ட் 443 என்பதால் எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கமான டிஎல்எஸ் வரும் என்று எதிர்பார்த்திருக்கும் இடத்தில் இது வந்தால் அங்கேயே வெட்டிவிடும்.

சரி, எஸ்டனல் என்ற நிரலை வைத்து எஸ்எஸ்எச்சை டிஎல்எஸ்ஸுக்குள் மூடி அனுப்பலாமே என்று அடுத்து தோன்றும். அதற்கு முன் ஆபீஸ் பிரவுசரில் ஏதாவது ஒரு பொதுத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு முன்னால் உள்ள சின்னத்தைச் சொடுக்கி, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். பொதுவாகச் சான்றிதழ் தரும் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ, ஃபயர்வாலின் பெயரோ இருந்தால், ப்ராக்ஸி டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி மூடி அனுப்புகிறது என்று பொருள். அங்கே எஸ்டனலும் பயன்படாது. பிரித்துப் பார்த்தால் உள்ளே எச்டிடிபி இல்லையே!

இன்னொன்று, டைனமிக் டிஎன்எஸ் பெயர்களையே ஒரு தனி வகையாக வைத்துத் தடுக்கும் வடிகட்டிகள் நிறைய. தீம்பொருட்கள் அந்தப் பெயர்களை அதிகம் பயன்படுத்துவதுதான் காரணம். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும், பெயரைப் பார்த்ததுமே கதவு மூடிக்கொள்ளும்.

#6 — சுவர்க்காவலர்

நான் ப்ராக்ஸிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். ஃபயர்வால், ப்ராக்ஸி நிர்வாகம்தான் என் தொழில். பழைய_சர்வர் சொன்ன தொழில்நுட்பம் எல்லாம் சரி. எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஒரு செய்தித் தளத்தைப் படித்தால், எங்கள் லாகில் வெவ்வேறு சர்வர்களுக்குப் போன சின்னச் சின்ன இணைப்புகள் கொத்துக் கொத்தாக விழும். இப்படி ஒரு இணைப்புக்குள் இன்னொன்றை ஒளித்து டனல் போட்டால் அப்படி இல்லை. ஸ்க்விட்டில் கனெக்ட் இணைப்பு முடியும்போதுதான் அதற்கான வரி எழுதப்படும். வரியின் தொடக்கத்தில் நேரம், அடுத்து எத்தனை மில்லிவினாடி ஓடியது, எந்தக் கணினி, எத்தனை பைட், எங்கே போனது. மணிக்கணக்கில் ஓடிய ஒற்றை இணைப்பு, அதுவும் ஒரு வீட்டு பிராட்பேண்ட் ஐபிக்கு. இப்படி ஒரு வரியைப் பார்த்தால் அது ஊழியர் தன் சிமுலேஷனைப் பார்த்ததா, தீம்பொருள் உள்ளேயிருந்து தகவலை வெளியே அனுப்பியதா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெரியாதவரை மோசமானது என்று எடுத்துக்கொண்டுதான் நான் விசாரிக்க வேண்டும். உங்கள் கணினியைப் பிடுங்கி ஆராய்வார்கள், மேலாளருக்குக் கடிதம் போகும். நோக்கம் நல்லது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.

அதைவிட முக்கியமானது, டனலுக்கு இரண்டு வாய் உண்டு. நீங்கள் வீட்டைப் பார்க்கத் திறக்கிறீர்கள், ஆனால் வீட்டில் உள்ளதும் உங்களைப் பார்க்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கிளிப்போர்டு பகிர்வு இயல்பாகவே திறந்திருக்கும். ஆபீஸ் கணினியில் நீங்கள் நகலெடுத்தது வீட்டுக் கணினிக்குத் தெரியும். 2019இல் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை இன்னும் மோசமாகக் காட்டினார்கள்: தீய நோக்கமுள்ள ஒரு கணினியோடு நீங்கள் இணைந்து, அங்கிருந்து எதையாவது நகலெடுத்து இங்கே ஒட்டினால், அந்தக் கணினி உங்கள் கணினியின் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு கோப்பைப் போட்டுவிட முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் திருத்தம் வெளியிட்டது. ஆனால் எந்தத் திசையில் ஆபத்து வரும் என்று புரிந்துகொள்ள அது போதும்.

வீட்டுக் கணினி நிறுவனத்துக்கு வழியாக மாறுவது வெறும் கற்பனையும் இல்லை. 2022இல் பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பொறியாளரின் வீட்டுக் கணினியில் இருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக உள்ளே போய், விசைகளைப் பதிவு செய்யும் நிரலை வைத்து, அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டைப் பிடித்து, நிறுவனத்தின் பெட்டகத்தைத் திறந்தார்கள். உங்கள் 3389 இத்தனை நாள் திறந்து இருந்தது என்றால், அந்தக் கணினியை என் வலைக்குள் இணைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அதனால் ஐடி துறையிடம் கேளுங்கள். "எனக்கு ரிமோட் வேண்டும்" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். எதற்கு, எவ்வளவு நேரம், எந்தக் கணினிக்கு, கோப்பு எதுவும் போகாது என்று நான்கு வரி எழுதுங்கள். எனக்கு அப்படிக் கடிதம் வந்தால் மறுப்பதாக இருந்தாலும் வேறு வழி என்ன என்று சேர்த்துத்தான் பதில் எழுதுவேன்.

#7 — கதிரொளி

சுவர்க்காவலர், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எல்லா இடத்திலும் உங்களைப் போன்றவர் இருப்பதில்லை. நான் முன்பு இருந்த இடத்தில் கேட்ட கேள்விக்குப் பதிலே வராது. டிக்கெட் போட்டால் அப்படியே மூடிவிடுவார்கள். இடைவேளை என்பது ஊழியரின் சொந்த நேரம். அந்த நேரத்தில் தன் வீட்டுக் கணினியைப் பார்ப்பதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டுமா?

#8 — சுவர்க்காவலர்

நேரம் உங்களுடையது, மறுக்கவே இல்லை. ஆபீஸ் கணினியும் அதன் வலையும் மட்டும் உங்களுடையவை அல்ல. பதில் சொல்லாத ஐடி துறை மோசமான துறைதான். அதற்காகப் பேசுங்கள், மேலே எழுதுங்கள். நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அவர்கள் பதில் சொல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொண்டால், பிரச்சினை வரும் நாளில் தனியாக நிற்பது நீங்கள்தான். உங்கள் கையில் ஃபோன் இருக்கிறது, அதில் சொந்த டேட்டா இருக்கிறது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

#9 — வலைநெசவு

ஃபோன் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். இரவுப்பணிக்கு ஏற்றது, வீட்டு வலைக்கு மறையாக்கிய தனி வழி போடும் வயர்கார்டு என்ற விபிஎன் என்பது என் கருத்து. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள், இப்போது பல ரவுட்டர்களிலும் வருகிறது. வீட்டில் 51820 என்ற யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. ஸ்கேனர் தட்டினால் அங்கே ஆளே இல்லாதது போல இருக்கும். ஃபோனில் வயர்கார்டை ஆன் செய்து, வீட்டுக் கணினியின் உள் ஐபியைக் கொடுத்து ரிமோட் டெஸ்க்டாப் செயலியைத் திறங்கள். ஆனால் இது யுடிபியில் மட்டுமே ஓடும். எச்டிடிபி ப்ராக்ஸிக்குள் போகாது. அதனால் ஆபீஸ் கணினிக்கு இது வழியே அல்ல.

ஐடி துறை சம்மதித்தால் ஆபீஸ் கணினிக்கு நான் சொல்வது, ரிமோட் திரையைப் பிரவுசரில் காட்டும் அப்பாச்சி குவாக்கமோலி. வீட்டில் ஒரு சின்ன லினக்ஸ் சர்வரில் அதைப் போட்டு, முன்னால் முறையான சான்றிதழோடு ஒரு எச்டிடிபிஎஸ் சர்வரையும் இரண்டாம் கட்ட உறுதிப்பாட்டையும் வையுங்கள். பிரவுசருக்குள்ளேயே திரை வரும். ஆபீஸ் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். அது நிஜமான எச்டிடிபிஎஸ் என்பதால் ப்ராக்ஸியைத் தன்பாட்டில் கடக்கும். இணைப்பைத் திறந்தே வைக்கும் வெப்சாக்கெட்டை ப்ராக்ஸி அனுமதித்தால் வேகமாக இருக்கும், இல்லாவிட்டால் சாதாரண எச்டிடிபியில் இறங்கிக் கொஞ்சம் மெதுவாக ஓடும். ஆனால் டிஎல்எஸ்ஸைப் பிரிக்கும் ப்ராக்ஸி என்றால் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டும் அங்கே திறந்த எழுத்தாகத்தான் போகும். அதை நினைவில் வையுங்கள்.

டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் இரண்டு பக்கமும் வெளியே இருக்கும் ஒரு சர்வரோடு இணைந்து நடுவில் சந்திப்பவை. வீட்டில் போர்ட் திறக்கத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான ஃபயர்வால்களில் ரிமோட் அணுகல் என்று இவற்றுக்கே ஒரு தனி வகை இருக்கிறது. ஒரே டிக்கில் எல்லாம் போய்விடும்.

#10 — நெடுவழி

எனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டில் போர்ட் ஃபார்வர்டிங் எதைச் செய்தாலும் வெளியிலிருந்து வருவதே இல்லை. ஆபீஸ், மொபைல் எதிலும் இல்லை.

#11 — வலைநெசவு

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க ஐபி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும், அதற்கு மேலே, பலரை ஒரே ஐபியில் பகிரவைக்கும் அவர்களுடைய நாட் (NAT) மூடியே இருக்கும். பொது ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது ஐபிவி6 இருந்தால் அதில் முயலுங்கள், அல்லது டெயில்ஸ்கேல் போன்று வீட்டிலிருந்து வெளியே வந்து இணையும் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

#12 — மின்கம்பி

எல்லோரும் உள்ளே போகும் வழியையே பேசிக்கொண்டிருக்கிறோம். இரவுப்பணி முதல் பதிவில் கேட்டது என்ன? ரன் நின்றால் உடனே தெரிய வேண்டும், மறுபடி ஓட வேண்டும். இதற்குத் திரையே தேவையில்லை.

வீட்டுக் கணினிக்கு முன்னால் ப்ராக்ஸி எதுவும் இல்லை. அது வெளியே பேசட்டும். சிமுலேஷனைச் சுற்றி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: நிரல் முடிந்தாலோ நின்றாலோ உங்கள் ஃபோனுக்கு ஒரு டெலிகிராம் செய்தி, அதில் லாக் கோப்பின் கடைசி இருபது வரி. பிழையோடு நின்றிருந்தால், கடைசியாகச் சேமித்த நிலையான செக்பாயின்ட்டிலிருந்து தானாகவே மறுபடி தொடங்கட்டும். தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தால் மட்டும் நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடட்டும். டாஸ்க் ஷெட்யூலரில் கணினி தொடங்கும்போதே இது ஓடும்படி வையுங்கள். பயாஸில் மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கும், அதையும் போடுங்கள்.

அதற்கும் முன், ஏன் நிற்கிறது என்று பாருங்கள். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாக். 1074 என்று இருந்தால் ஏதோ ஒரு நிரல் கேட்டு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, எது என்றும் அங்கேயே எழுதியிருக்கும். 41, 6008 இருந்தால் கணினி திடீரென்று அணைந்திருக்கிறது, மின்சாரமோ ஹார்டுவேரோ டிரைவரோ காரணமாக இருக்கலாம். எதுவுமே இல்லையென்றால் கணினி தூங்கப் போயிருக்கலாம், அல்லது நிரலே விழுந்திருக்கலாம்.

#13 — இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. செய்தவற்றை எழுதுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பயன்படும்.

3389ஐ மூடிவிட்டேன். மூடும் முன் 4625ஐ வடிகட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. வெற்றிகரமான லாகின்களையும் 4624இல் தேடி, ஐபி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னுடையவை மட்டும்தான் இருந்தன. இருந்தாலும் பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டேன்.

மின்கம்பி சொன்ன சிஸ்டம் லாகில் 1074 கிடைத்தது. கேட்ட நிரல் விண்டோஸ் அப்டேட். அப்டேட் ரீஸ்டார்ட் செய்யக் கூடாத நேரமான ஆக்டிவ் ஹவர்ஸை மாலை முதல் நள்ளிரவு வரை என்று வைத்திருந்தேன், நான் கணினி முன்னால் உட்காரும் நேரம் என்பதால். அதனால் அப்டேட் பகலில் ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. ரன் ஓடும் நாட்களில் அப்டேட்டை ஒத்திவைத்துவிட்டு, இடையில் ஒரு நாள் நானே போட்டுக்கொள்கிறேன். ஸ்கிரிப்டும் எழுதிவிட்டேன், செக்பாயின்ட்டிலிருந்து தொடங்குகிறது.

ஐடி துறைக்கு நான்கு வரி எழுதினேன். ஆபீஸ் கணினியிலிருந்து கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். சொந்த ஃபோனுக்கு விருந்தினர் வைஃபையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அதில் வயர்கார்டு இணையவில்லை, மொபைல் டேட்டாவில் இணைகிறது. ஒரு கேள்வி பாக்கி: ஃபோனில் இணைந்து சில நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால், வீட்டிலிருந்து ஃபோனுக்கு எதுவும் வருவதில்லை. நான் ஏதாவது தொட்டால் மறுபடி வருகிறது. ஏன்?

#14 — வலைநெசவு

விருந்தினர் வைஃபையில் யுடிபியை அடைத்திருப்பார்கள், அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வயர்கார்டு அனுப்ப ஒன்றுமில்லாதபோது அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் மொபைல் நிறுவனத்தின் நாட் உங்கள் இணைப்பை மறந்துவிடும். பிறகு வீட்டிலிருந்து வரும் பாக்கெட் ஃபோனைத் தேடி அடைய முடியாது. ஃபோனில் வயர்கார்டின் வீட்டுப் பியர் (மறுமுனை) அமைப்பைத் திறந்து, பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 என்று போடுங்கள். 25 வினாடிக்கு ஒரு வெற்றுப் பாக்கெட் போய்க்கொண்டிருக்கும். வீட்டுப் பக்கத்தில் போட வேண்டாம், அது பொது ஐபியில் இருக்கிறது. பேட்டரி கொஞ்சம் அதிகம் தின்னும், பார்த்து முடிந்ததும் வயர்கார்டை ஆஃப் செய்துவிடுங்கள்.